வாழைப்பூப் பிள்ளை

கொல்லைப்பக்கம் சத்தமே இல்லை.

குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் எந்தத் தாயும் போய்ப் பார்ப்பாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மார்பு கனத்தது. பால் வற்றட்டும் என்று நாத்தனார் மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். ஊரெல்லாம் தலையில் வைக்கிற பூ. கட்டு நனைந்திருந்தது.

பிள்ளை இல்லையென்று பாலுக்கு யார் போய்ச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் பிறந்தான். அழவில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்த மயக்கம் அவளுக்குத் தெளிவதற்குள் கணவன் அவனைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டான்.

"பாக்க வேணாம் அண்ணி. அந்த எடத்துக்கும் போவக் கூடாது. போனா அடுத்தது தங்காதும்பாங்க" என்றாள் நாத்தனார்.

அடுத்ததாம்! இவனையே இன்னும் பார்க்கவில்லை.

எங்கே வைத்தீர்கள் என்று கணவனைக் கேட்டாள். "நல்ல எடத்துலதான்" என்றான். அவனை மட்டும் சொல்லி என்ன? அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றுகூடச் சொல்கிற ஊர், இதற்கு மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டது.

அந்த மண்ணை ஒரு தரம் தொட்டுவிட்டு வந்தால் போதும். அதைத்தான் கேட்டாள். அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாள்?

கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

பூவரச மரத்தடியில் அல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆறு வயது மகள்.

பக்கத்து வீட்டு இலக்கியா காய்ந்த தென்னை மட்டைகளின் மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் மணிக்கட்டில் ஒரு கோவைக்கொடி சுற்றியிருந்தது. கொடியின் மறுமுனை, கிளையில் தொங்கிய கொட்டாங்கச்சிக்குப் போயிற்று. குளுக்கோஸ் ஏறுகிறது.

ஆஸ்பத்திரிதான். என்ன மூளை இந்தக் கழுதைகளுக்கு! அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அல்லியின் மடியில் வாழைப்பூ. சிவப்பு மடல்களையெல்லாம் உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெளிறிய குருத்தை மட்டும் எடுத்தாள். பூவரச இலைகளில் சுற்றினாள். வாழைநாரால் கட்டினாள். பிறகு தேங்காய் நாரைப் பிய்த்துப் பிய்த்து அதன் தலையில் வைத்தாள்.

சிரிப்பு நின்றது.

மரத்தடியில் ஒரு சிறு குழி. பக்கத்தில் கருவேல முள் ஒரு கிளை. பச்சைப்பிள்ளையைப் புதைத்தால் நாய் தோண்டாமலிருக்க மேலே போடுவது.

இதை யார் இவளுக்குச் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. பார்த்திருக்கிறாள். அப்பன் துணிச்சுருளோடு வந்த அன்றைக்கு வீட்டில் இவளை யார் கவனித்திருப்பார்கள்? ஆளாளுக்கு அழுதுகொண்டிருந்திருப்பார்கள். குட்டி பின்னாலேயே போயிருக்கிறது.

அடி பாவி மகளே.

அவள் மரத்தடிக்குப் போனாள். அல்லி சட்டென்று குருத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவள் திட்டவில்லை. மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள். தையல் சுரீரென்று இழுத்தது.

"முடி எதுக்குடி இவ்ளோ?"

"பாப்பாவுக்கு இருந்துச்சே."

இருந்திருக்கிறது. தலை நிறைய இருந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம்தான், அதை வேறெப்படிச் சொல்வது?

"என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிறியா?"

அல்லி யோசித்தாள். மட்டையில் கிடந்த இலக்கியாவைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஆள் இருக்கு. அப்பாவுக்குத்தான் ஆள் இல்ல."

"சரி. நான் அப்பா."

அல்லிக்கு முகம் மலர்ந்தது. குருத்தை அவளுடைய கைகளில் வைத்தாள். முழங்கையை மடக்கி, எப்படித் தூக்க வேண்டும் என்று சரிசெய்தாள்.

"அழக் கூடாது. போறப்ப அப்பா அழல. வர்றப்பதான் அழுதுச்சு."

பெண்டாட்டி முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தானே என்று எத்தனை வைதிருப்பாள் மனசுக்குள்.

எழுந்தாள். குழியருகே போய்க் குனிந்தாள்.

அல்லி அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க இல்லப்பா. பாப்பாவ வெச்சது வாய்க்காலோரம். பெரியவங்க இல்லாம வாய்க்காலுக்குப் போவக் கூடாதுன்னுதான் இங்க வெட்டினோம். இப்பதான் நீ வந்துட்டியே."

அல்லி முள்கிளையை எடுத்துக்கொண்டாள். கொல்லைப் படலைத் திறந்தாள். வழி தெரிந்தவளாக முன்னால் நடந்தாள்.

மட்டையிலிருந்து இலக்கியா தலையைத் தூக்கினாள்.

"நானும் வரவா?"

"அம்மா வரக் கூடாது" என்றாள் அல்லி, திரும்பிப் பார்க்காமலே.

படலருகே தாயின் கால் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து நாத்தனார் "அண்ணி, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவள் படலைத் தாண்டினாள். கையிலிருந்ததை மார்போடு சேர்த்துக்கொண்டு மகளின் பின்னால் நடந்தாள்.