ஆறிப்போன சாசேஜ்

மைதானத்துக் கொட்டகை முன்னால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் ஆவி பறக்கப் பறக்கப் பொரித்த இறைச்சி சாசேஜ். கோரலுக்கு மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த அலுமினியத் தாள் பொட்டலம். பிரித்தால் உள்ளே இரண்டு சாசேஜ், சில்லென்று.

"மெர்வ், எனக்கும் பொரிக்கிற தட்டுலேர்ந்து சூடா ஒண்ணு எடுத்துக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"உனக்கு அதுதான்" என்றார் மெர்வ், தலையைக்கூட நிமிர்த்தாமல். "அடுத்தது யாரு?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கோரலுக்குச் சுருக்கென்றது. இத்தனைக்கும் மெர்வ் அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

அது கோதுமை விளைகிற ஊர். கோரலின் புருஷன் ரஸ் போடுவதும் கோதுமைதான். அந்த வீட்டுக்காரிக்குப் போய், கோதுமையில் இருக்கிற குளூட்டன் குடலுக்கு ஆகாது, ஒரு துணுக்கு உள்ளே போனாலும் படுக்கைதான் என்று போன வருஷம் டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கு அதுவே பெரிய வேடிக்கை. இனிமேல் ரஸ்ஸை நெல் போடச் சொல்லு என்று ஆளாளுக்குக் கிண்டல்.

வீட்டில் சமாளித்துவிட்டாள். தனி டோஸ்டர், தனி வெண்ணெய் டப்பா, அரிசி மாவில் பிரெட். வெளியேதான் தொல்லை. ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுபோய்ப் பகிர்ந்து தின்கிற சீட்டாட்டக் கூட்டத்தில், தன் தட்டை மட்டும் தான் தின்றுகொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? அதை விட்டாள். பிறந்தநாள் விருந்துகளையும் விட்டாள். மிச்சமிருந்தது சனிக்கிழமை நடக்கிற ஃபுட்டி பந்தாட்டம்தான். மைதானத்து வாசலைத் திறந்து டிக்கெட் கிழிப்பது பல வருஷமாக அவள் பொறுப்பு. நாலு மனுஷர் முகத்தைப் பார்க்க அதை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. அங்கேயும் இப்படி அவமானம் என்றால் எங்கே போவது?

போன வாரத்து மிச்சத்தை எனக்குக் கட்டி வைக்கிறான் என்று வீட்டில் பொருமினாள். மெர்வ் சுபாவமே அப்படித்தான், விடு என்றார் ரஸ்.

அடுத்த சனிக்கிழமை மெர்வைக் காணோம். கண்புரை ஆபரேஷனுக்கு நகரத்துக்குப் போய்விட்டாராம். இடுக்கி டான்யா கையில். ஆட்டக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புதிதாக வந்த பெண், சிரித்த முகம்.

"வாங்க கோரல். உங்களுக்குன்னு மெர்வ் வாங்கி வெச்சிருக்கிற மாவு கலக்காத பாக்கெட்டுலேர்ந்துதான் எடுத்துப் பொரிச்சேன், பயப்படாம சாப்பிடுங்க. பாவம், வாராவாரம் நீங்க ஆறினதைத் திங்கறதைப் பார்த்துட்டுதானே இருக்கேன்."

நாக்கு சுடச்சுட இரண்டு தின்றாள் கோரல். மனுஷி என்றால் இவள் மனுஷி என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி, பேதி. அந்த வாரம் முழுக்கப் படுக்கையும் குளியலறையுமாகப் போயிற்று. படுத்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கணக்குப் போட்டாள். டான்யா எடுத்தது அவளுக்கென்று வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து. அதை வாங்கி வைத்தது மெர்வ். ஆபரேஷனுக்குப் போகிற அவசரத்தில், கோதுமை மாவு கலந்த சாசேஜைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. அப்புறம் வாசல் சாவியை அவர் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வருவது. இனிமேல் அந்தப் பக்கமே தலை வைப்பதில்லை.

மைதானத்தில் பனி கலையவில்லை. ஆள் இல்லை. கொட்டகையில் மெர்வ் மட்டும், ஒரு கண்ணில் கட்டோடு, பார்பிக்யூ தட்டைக் கம்பி பிரஷ்ஷால் வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெந்நீர் வாளி.

கோரல் கொட்டித் தீர்த்தாள். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"டான்யா எப்பப் பொரிச்சுக் குடுத்தா?"

"பாதி ஆட்டத்துல."

"அதுக்குள்ள அந்தத் தட்டுல ஊர்ப்பட்ட பிரெட்டு வாட்டியிருப்பா. மாவு கலந்த சாசேஜ் வேற புரண்டிருக்கும். பாக்கெட்டு சரியானதுதான், தட்டுதான் ஆகாது." வெந்நீரை எடுத்து ஊற்றினார். "நான் அன்னிக்குக் காலையிலேயே உனக்குப் பொரிச்சுத் தாள்ல சுத்தி வெச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன். பழசுன்னு நினைச்சு நாய்க்குப் போட்டுட்டாளாம் அந்தப் பொண்ணு."

கோரல் அவர் கையிலிருந்த கம்பி பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"வாராவாரமா இப்படித் தேய்க்கிறே?"

"பின்னே? பிரெட்டு வர்றதுக்குள்ள உன்னது வெந்தாகணும்ல. ஊருக்கெல்லாம் பொரிக்கறதுக்கு முன்னாடியே பொரிச்சது, நீ வந்து கேக்கறப்ப ஆறாம என்ன பண்ணும்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மெர்வ்."

"சொன்னா, எனக்காக நீ எதுக்குக் கஷ்டப்படறேன்னு இதையும் விட்டிருப்பே. சீட்டாட்டத்தை விட்ட மாதிரி."

கோரலுக்கு வெட்கமாகப் போயிற்று. கையில் இறுக்கிப் பிடித்திருந்த சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தட்டு காய்ந்ததும் இரண்டு சாசேஜைப் போட்டார் மெர்வ். வெந்ததும் ஒன்றைக் காகிதத்தில் வைத்து, ஆவி பறக்க அவளிடம் நீட்டினார்.

"இந்தா. சூடா வேணும்னா இந்த நேரத்துக்கு வரணும். மத்தியானம் வரிசையில வந்து நின்னுக்கிட்டு சண்டை போடக்கூடாது."