சிவப்புத் தாள் இல்லாத கதவு

"இன்னும் எத்தனை சந்தும்மா? கால் வலிக்குது!"

விடுமுறைக்குப் பெய்ஜிங் வந்திருந்த யீநிங், காலையிலிருந்து அம்மாவோடு பழைய சந்துகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா ஒருவரிடமும் வழி கேட்கவில்லை.

விடிந்தால் புத்தாண்டு. எல்லாக் கதவிலும் புதுச் சிவப்புத் தாளில் வாழ்த்து ஒட்டியிருந்தது. ஒரு கதவு மட்டும் வெறுமையாக இருந்தது. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள்.

"இங்க மட்டும் ஏம்மா ஒட்டல?"

"சாவு விழுந்த வீட்டுல அந்த வருஷம் ஒட்டமாட்டாங்க." அம்மாவின் குரல் உடைந்தது. "வா, போயிடலாம். ரொம்ப லேட்டா வந்துட்டேன்."

"நீ ஏன் அழுற? யார் வீடு இது?"

அம்மா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பசைக் கிண்ணமும் சிவப்புத் தாளுமாக ஒரு கிழவர் வந்தார். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"பசை காய்ச்சி முடிக்க நேரமாயிடுச்சு, அதான் இன்னும் ஒட்டல," என்று முணுமுணுத்தபடி வாசலில் கிடந்த முக்காலியில் ஏறித் தாளைக் கதவில் வைத்துப் பிடித்தார். "பத்து வருஷமா கோணலாத்தான் ஒட்டறேன். தள்ளி நின்னு பார்த்துச் சொல்ல ஆளில்ல. நேரா இருக்கா, ஷூவென்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்கப்பா."