பூம் மூட்டில் சந்தனம்

பாண்டிதுரை அந்தப் பழைய டெலிஹேண்ட்லர் வண்டியை நாலாவது தடவையாகச் சுற்றி வந்து, அதே இடத்தில் நின்று, அதே சந்தனத்தைப் பார்த்தார்.

பொட்டு என்றால் பொட்டு அளவுக்கு இருக்க வேண்டாமா?

வண்டியிலிருந்து நீண்டு உயர்ந்து பாரம் தூக்கும் இரும்புக் கையைப் பூம் என்பார்கள். அது உடம்போடு சேரும் மூட்டில் இரண்டு கை அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் உள்ளங்கை அளவு குங்குமம். டயரிலும் கண்ணாடியிலும் மட்டும் ஒரு விரலால் தொட்டு வைத்த பொட்டு.

அவர் பார்க்க வந்ததே அந்த மூட்டைத்தான். தன் பழைய டிராக்டரைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டு இதை எடுத்துப்போகலாம் என்று சோழபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டி விற்கும் இந்த யார்டுக்கு அந்த டிராக்டரிலேயே வந்திருந்தார்.

பழைய வண்டியில் எது போனாலும் மாற்றிக்கொள்ளலாம், பூம் மூட்டில் விரிசல் விட்டு வெல்டு வைத்திருந்தால் மட்டும் தொடாதீர்கள் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொல்லியிருந்தார்கள். பாரத்தோடு மேலே நிற்கும்போது அது விட்டுப்போனால், அடியில் நிற்பவன் கதை முடிந்தது.

அடியில் நிற்கப்போவது அவர் மச்சினன் பால்சாமி.

கேரளாவுக்குப் போகிற வைக்கோல் லாரியின் மேல் ஏறிக் கட்டுகளை வாங்கி அடுக்க அவன் ஒருவன்தான் மிச்சம். மற்ற சுமை ஆட்கள் மில்லுக்குப் போய்விட்டார்கள். வயலில் இருநூறு கட்டு கிடக்கிறது. அய்யனார் கோவில் மலைப் பக்கம் இரண்டு நாளாக மேகம் கூடிக்கொண்டு வருகிறது. நனைந்தால் அத்தனையும் குப்பைதான்.

தம்பி தலைக்கு மேலே வரப்போகிற வண்டியை நானும் பார்க்க வேண்டும் என்று ஆனந்தவல்லியும் கூடவே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேறு எரிச்சல்.

ராஜபாளையத்திலிருந்து கூட்டிவந்த மெக்கானிக் பிரேம்குமார் இன்ஜினைத் திறந்தான். ஆயிலை முகர்ந்தான். ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவினான். மூட்டுக்கு வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சர்ச்சுக்குப் போகிற நான் சாமிப் பொட்டை அழித்தேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது, நீங்களே துடைத்துக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

இதைச் சொல்லவா இவனை இழுத்துக்கொண்டு வந்தோம் என்று பாண்டிதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார்டு முதலாளி விஜயபாண்டியிடம், காலையில் பூஜை பலமோ என்று சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பூஜை, எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கை தாராளம் என்றார் அவர். கழுவித் தர முடியுமா என்றதற்கு, வைத்தது வைத்தபடி வாங்குகிறவர் வாசலுக்குப் போனால்தான் விருத்தி என்றார். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. வயிறு எரிந்ததே அதனால்தான்.

சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டல்லவா ஏமாற்றப் பார்க்கிறான்! ஓர் ஆளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

சாமி கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்று தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வண்டியின் படியில் கால் வைத்து ஏறினார்.

விஜயபாண்டி தடுக்கவில்லை. முகம்கூட மாறவில்லை. கழுவி, மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்த பாண்டிதுரையின் டிராக்டர் பக்கம் மெதுவாக நடந்தார். அதன் முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தாராளமாத் தொடைச்சுப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. பொறவு உங்க டிராக்டரையும் நான் ஒருவாட்டி தொடைச்சுப் பாத்துக்கிடுதேன்.”

துண்டு மூட்டுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

டிராக்டரின் முன் அச்சில் விட்டிருந்த விரிசலை முந்தாநாள்தான் செட்டியார்பட்டிப் பட்டறையில் பற்றவைத்திருந்தார்கள். இன்று விடிகாலையில் எழுந்து, அந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து அப்பியது பாண்டிதுரைதான். இவ்வளவு எதற்கு என்று கேட்ட ஆனந்தவல்லியிடம், வீட்டை விட்டுப் போகிற வண்டி, மரியாதையாகப் போகட்டும் என்று சொல்லியிருந்தார்.

பாண்டிதுரை படியிலிருந்து இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். டிராக்டர் சாவியையும் மேலே போட வேண்டிய பணத்தையும் கொடுத்தார். விஜயபாண்டி நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டார். பிரேம்குமார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்பானர்களைப் பையில் எடுத்துப்போட ஆரம்பித்தான்.

ஆனந்தவல்லி நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள்.

“மூட்டெல்லாம் நல்லாப் பாத்துட்டீகளா? தம்பிய நாளைக்கு லாரில ஏறச் சொல்லட்டா?”

“பாத்தாச்சு. ஏறச் சொல்லு” என்றார் பாண்டிதுரை.