பாதிப் பின்னல்

"தலையை ஆட்டாதக்கா! வகிடு கோணினா என் பேருதான் கெடும்" என்று அடோமாவின் தலையில் சீப்பால் தட்டினாள் செர்வா.

"வலிக்குதுடி! குமாசி சந்தையில உன் பின்னல் கடையிலயும் இப்படித்தான் இழுப்பியா?"

"இழுத்தாத்தான் பின்னல் நிக்கும்."

செர்வாவின் விரல்கள் ஓட ஓட வாயும் ஓடியது. பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிச் சிரித்தாள். முகம் கொடுத்துப் பேசாத கணவனைப் பற்றிய பேச்சு வந்ததும் குரல் உடைந்தது.

"போதும்க்கா. இனிமே நான் இங்க வரமாட்டேன்."

"அப்ப என் மீதித் தலை?"

அதற்குள் நர்ஸ் மருந்துப் பையுடன் வந்துவிட்டாள். செர்வா சீப்பை வைத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்து கையை நீட்டினாள். தலைத்துணி நழுவியது. ஒரு முடிகூட இல்லை.

புற்றுநோய் வார்டின் மனநல ஆலோசகரான அடோமா எழுந்து, கழற்றி வைத்திருந்த அடையாள அட்டையை மாட்டிக்கொண்டாள்.

"மீதியை வேற யார்கிட்டயாவது பின்னிக்கோக்கா. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அடுத்த ஊசிக்கு வந்து நீயே பின்னிவிடு. அதுவரைக்கும் இப்படித்தான் திரிவேன்."

பாதித் தலை பின்னலும் பாதித் தலை பரட்டையுமாக, அடுத்த கட்டிலுக்கு நடந்தாள் அடோமா.