ஒன்பதாவது கேள்வி

“அந்த வரியை அடிச்சிடுங்க சார்” என்று சலூன்காரர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

முப்பத்தைந்து வருடமாகத் துண்டறிக்கை எழுதுகிறவன் நான். என் வரிகளைப் போலீஸ் கட்டுக் கட்டாகப் பறிமுதல் செய்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்துகொண்டு அடிக்கச் சொன்ன ஆள் இவர் ஒருவர்தான்.

நாடு விட்டு ஓடிவந்து தஞ்சம் கேட்பவர்களுக்கு உதவுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. புதன்கிழமைதோறும் அதன் பின்னறையில் உட்கார்ந்து அவர்களுடைய வாக்குமூலங்களை எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. டீ உண்டு, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் கிளம்பியபோது என் மனைவி, “மளிகைச் சீட்டு எழுதச் சொன்னாலே ‘வன்மையாகக் கோருகிறோம்’னு முடிக்கிற மனுஷன். பாவம் அந்தச் சனங்க” என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சலூன்காரர் கதை சின்னது. அவர் கடைக்கு ராணுவக்காரர்கள் இரண்டு பேர் சவரத்துக்கு வந்திருக்கிறார்கள். முகத்தில் நுரையோடு, பக்கத்துத் தெரு வாத்தியாரை மறுநாள் தூக்கப்போவதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். “கண்ணாடியில அவங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும் சார். நம்ம காது தெரியாது” என்றார். இவர் போய்ச் சொல்ல, வாத்தியார் குடும்பத்தோடு தப்பிவிட்டார். அகப்பட்டது இவர். ஒரு கிடங்கில் இருபத்திரண்டு நாள் அடைத்துவைத்து அடித்திருக்கிறார்கள்.

அதுவரை சரி. விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. ‘காவலிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்? விவரமாக எழுதவும்.’

“வந்துட்டேன் சார்” என்பார். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்.

வெற்றிடத்தைக் கண்டால் என் பேனா சும்மா இருக்காது. ‘அடிமைத் தளைகளை அறுத்தெறிந்து, ஆதிக்கத்தின் மதிலைத் தாண்டி’ என்று எழுதினேன். அதைத்தான் அடிக்கச் சொல்கிறார்.

“என்னைக் கட்டியே வைக்கல சார். மதிலெல்லாம் நான் எங்க ஏற? முட்டி வலி.”

சங்கத்து வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். ஐந்து மணிக்குள் தாளைக் கொடுத்தாக வேண்டும், ஒன்பதாவதில் ஓட்டை இருந்தால் மொத்தமும் ஒழுகிவிடும் என்றார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து சும்மா யாரும் வெளியே வர முடியாது; ஒன்று, அடைத்துவைத்தார்கள் என்பதே பொய், இல்லாவிட்டால் ஆள் அவர்களுடைய உளவாளி என்று அதிகாரி முடிவு கட்டிவிடுவாராம். தஞ்சம் கிடைத்தால்தான், அங்கே அக்கா வீட்டில் ஒளிந்திருக்கும் மனைவியையும் இரண்டு பெண்களையும் இவர் வரவழைக்க முடியும். கிடைக்காவிட்டால் இவரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வக்கீலம்மா போனதும் நான் ஆரம்பித்தேன். அச்சம்தான் அடிமையின் முதல் விலங்கு என்றேன். உண்மையை ஊரறியச் சொல்வதே வீரம் என்றேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். சலூன்காரர் என் கிருதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஏற்றமாக இருந்ததோ என்னவோ.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டும்விட்டேன்.

“யாரையாவது காட்டிக்கொடுத்துட்டு வெளிய வந்தீங்களா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் சார் எழுத வேணாங்கிறேன். கதவைத் தொறந்துவிட்டவன் இன்னும் அங்கதான் வேலை பார்க்கிறான்.”

பேனாவைக் கீழே வைத்தேன்.

பெயர் போடாமல் ‘ஒரு காவலாளி’ என்று எழுதலாமே என்றேன். காவலுக்கு இருந்ததே நாலு பேர், யாரோ பூட்ட மறந்துவிட்டார்கள் என்று அந்த விஷயம் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, இது அங்கே எட்டினால் மறுபடி நாலு பேரையும் நோண்டுவார்கள் என்றார். தாள்களை ரகசியமாகத்தான் வைத்திருப்பார்கள் என்றேன்.

“தாளுக்குக் கால் முளைக்கும் சார்.”

கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினேன். ‘கதவு திறந்திருந்தது. வெளியே வந்தேன்.’ இவ்வளவு சுருக்கமாக என் ஆயுளில் நான் எழுதியதில்லை.

இதை யார் நம்புவார்கள், வழக்கே படுத்துவிடுமே என்றார் வக்கீலம்மா. “தெரியும்மா” என்று சொல்லிவிட்டுச் சலூன்காரர் கையெழுத்துப் போட்டார். பிறகு பெண்களின் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

வாசலில், தொங்கிப்போன என் முகத்தைப் பார்த்து அவரே தேற்றினார்.

“நீங்களா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பீங்க சார்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் செய்தது வேறு. ஒரு போராட்டத்தின்போது, அலுவலக எழுத்தர் ஒருவர் முக்கியமான கோப்பின் நகலை எங்களுக்கு ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்துத்தான் ஜெயித்தோம். வெற்றி அறிக்கையில் அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லி, ஐயாயிரம் பிரதி அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று.

நான் சும்மா இருந்துவிடவில்லை. கண்டித்து இன்னொரு அறிக்கை விட்டேன். அதில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.