மூன்றாவது சத்தம்

இரண்டு சிலிண்டர்கள் ‘வி’ எழுத்துப் போல விரிந்த அந்த பைக் என்ஜின் இன்று தேறாவிட்டால், இன்ஜினியரின் ஐந்து வருட உழைப்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

திரைக்குப் பின்னால் மூன்று என்ஜின்கள், அவருடையது கடைசி. பைக் பிரியர்கள் இருபது பேர் சத்தத்தை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தவர் உள்ளே இருக்கக் கூடாதாம். வராந்தாவில் நகம் கடித்தபடி நின்றார்.

கதவு திறந்தது. முதலாளி ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“இருபது பேரும் மூணாவதுக்கேதான்யா ஓட்டுப் போட்டாங்க! இதே சத்தத்தோட சந்தைக்கு வரணும். கொஞ்சம் மாறினாலும் உன்னைத் தொலைச்சுடுவேன்!”

கண்கலங்கத் திரைக்குப் பின்னால் போனார் இன்ஜினியர். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“சார்... நம்ம என்ஜின் கடைசிவரைக்கும் ஸ்டார்ட்டே ஆகலை. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் கட்டட வேலைக்காரங்க கான்கிரீட் கலக்குற மிஷினைப் போட்டாங்க. இருபது பேரும் கேட்டது அதைத்தான்.”