முன்சக்கரம் கொடுத்த புகார்

"அந்த வண்டியைத் திறந்து பார்த்தே ஆகணும், சார்!"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் கார் ரேஸ் டிராக் அதிகாரியின் கையிலிருந்த டீ தளும்பியது. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர் டாக்டர். திறந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

அவர் சந்தேகத்துக்கு ஆளானவன் கொஞ்சம் தள்ளி நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். டாக்டரின் மனைவிக்குத் தம்பி. ஒரு சுற்றை மிக வேகமாக முடித்தவர் யார் என்று காட்டும் பலகையில் அவன் பெயர்தான் உச்சியில் இருந்தது. நன்றாகக் கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு, டாக்டரின் பெயர்.

கார் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் டாக்டருக்குப் பெயரே 'முன்சக்கரம்'. முன்சக்கரம் இழுத்துப் போகிற சின்ன ஹாட்ச்பேக்கை வைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட பின்சக்கர வண்டியையும் டிராக்கில் மண்ணைக் கவ்வ வைக்கலாம் என்பது அவர் கட்சி. அவர் இதை எழுதாத நாளில், உடம்புக்கு என்ன என்று குழுவில் விசாரிப்பார்கள்.

பின்சக்கர வண்டி வைத்திருக்கும் மச்சான் எதிர்க்கட்சி. "வண்டியை இழுக்கவும் முன்டயர், திருப்பவும் முன்டயர், பிரேக்குக்கும் முன்டயர். அப்ப பின்டயர் என்ன அத்தான், ஊர் சுத்திப் பாக்க வருதா?" என்பான். வளைவில் டாக்டரின் கார் ஒரு பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போகும் போட்டோவைப் போட்டு, அடியில் 'கரண்டு கம்பத்தைப் பாத்துடுச்சு' என்று எழுதுவான்.

"ஆக்சிலரேட்டர்லேருந்து சட்டுனு காலை எடுத்தா பின்பக்கம் தானா வளைஞ்சு குடுக்கும்டா. ஓட்டத் தெரியணும்" என்று பதில் போடுவார் டாக்டர்.

பேச்சு முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. தோற்றவர் வண்டியை விற்றுவிட வேண்டும். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத டாக்டர், அந்தக் காரை மட்டும் வாரம் தவறாமல் தன் கையாலேயே கழுவுகிறவர். அதைப் போய் விற்பதா?

இப்போது மச்சானைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜெயித்தவன் ஏன் குதிக்கவில்லை? ஏன் இப்படி முழிக்கிறான்?

"சத்தியமா எனக்கே புரியல அத்தான். ஒரு சுத்துகூட ஒழுங்கா வரல. வளைவுல எல்லாம் புல்லுக்குள்ள போய்ப் போய் வந்தேன்."

"நடிக்காதடா."

"ஏங்க, அவன் என் தம்பிங்க" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காலையில் இரண்டு காரிலும் சுற்று நேரத்தைப் பதிவுசெய்யும் பெட்டியை ஒட்டி, இரண்டு பேருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்து, இரண்டு பேருக்கும் கைதட்டியவள் அவள்.

"தம்பியா இருந்தா? உறவெல்லாம் வீட்டோட. இது டிராக்!"

"வேணாம் டாக்டர், வாங்க போயிடலாம்" என்று அவருடைய மெக்கானிக் காதோடு சொன்னார். டாக்டர் காதில் வாங்கவில்லை. வெயில் கொளுத்தியது. ஓடிக் களைத்த கார்களெல்லாம் பானட்டைத் திறந்து போட்டுச் சூடு ஆறிக்கொண்டிருந்தன. டாக்டரின் கார் மட்டும், ஊசிக்குப் பயந்த நோயாளி மாதிரி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

"சரி, உங்க புகார் என்னன்னு தெளிவா சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"எஞ்சின்ல யாரும் கை வைக்கக் கூடாதுங்கறதுதானே இன்னைக்கு விதி? கம்பெனி குடுத்த எஞ்சினை அப்படியே வச்சுக்கிட்டு இந்த டைமை எடுக்கவே முடியாது. எடுத்தவன் வண்டியில கண்டிப்பா தில்லுமுல்லு இருக்கு. திறங்க!" நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

கேட்டது. கூட்டம் கூடியது. அதிகாரி மச்சானின் காரருகே குனிந்து, முதலில் நேரப் பெட்டியைக் கழற்றி அதன் எண்ணைப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு டாக்டரின் காரில் இருந்த பெட்டியையும் போய்ப் பார்த்தார்.

"ரெண்டையும் மாத்தி ஒட்டியிருக்கு. யாரு ஒட்டினது?"

"ஒரே மாதிரி இருந்துச்சுங்க..." என்று இழுத்தாள் மனைவி.

முதலில் துள்ளியது மச்சான்தான். "அத்தான்! அப்ப அது உங்க டைம்! ஜெயிச்சது நீங்க!" ஓடி வந்து கட்டிப்பிடித்து, டாக்டரைத் தரையிலிருந்து தூக்கியேவிட்டான். "இனிமே வாயைத் திறக்க மாட்டேன் அத்தான். முன்சக்கரம் முன்சக்கரம்தான்!"

கூட்டம் கைதட்டியது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த வண்டியை விற்க வேண்டியவன் இப்படிச் சந்தோஷப்படுகிறான். இவனைப் போயா சந்தேகப்பட்டோம்!

அதிகாரி கையுறையை மாட்டிக்கொண்டு டாக்டரின் காரை நோக்கி நடந்தார். "பாராட்டு அப்புறம் வச்சுக்கலாம். இந்த டைம் எடுத்த வண்டியில தில்லுமுல்லு இருக்குன்னு புகார் வந்திருக்கே. பானட்டைத் திறங்க டாக்டர்."

மெக்கானிக்கைக் காணோம். வாசல் பக்கம் ஒரு பைக் அவசரமாகக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் மச்சானின் தோளில் பாசமாகக் கை போட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு, பானட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

"குடும்பத்துக்குள்ள எதுக்கு சார் புகாரெல்லாம்?"